மூக்கு பார்த்த வண்டி

“கண்ணைத் தொறந்துடாத அக்கா. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது.”

தம்பி அவள் தோள்களைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிக்கொண்டு படியிறங்கினான். செருப்பைக் கால் விரல்களால் துழாவி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னால் எங்கோ தம்பி மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி மகள் அத்தையின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தபடி, “அத்தை திருட்டுத்தனமா பாக்கிறாங்கப்பா!” என்று கத்தினாள்.

“நாப்பது வயசுல என்னை இப்படித் தள்ளிட்டுப் போற. பாக்கிறவங்க கடத்திட்டுப் போறன்னு போலீஸைக் கூப்பிடப் போறாங்கடா.”

“உன்னைக் கடத்தி யாருக்கு என்ன லாபம்? பேசாம வா.”

சிமெண்ட் தரை முடிந்து காலுக்கடியில் சரளை வந்தது. தெருவுக்கு வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றைச் சரசரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. அப்போது அந்த வாசனை வந்தது. முதலில் புதுப் பெயின்ட். அதன்மேல் யாரோ தாராளமாகத் தெளித்த எலுமிச்சை வாசனை. இரண்டுக்கும் அடியில், நனைந்த சாக்கைச் சுருட்டி இருட்டறையில் போட்டு மறந்துபோனது போன்ற ஒன்று.

கண்ணைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எந்த வண்டி என்று.

“இப்பத் தொற.”

சாம்பல் கலந்த நீல நிற வண்டி. வலது பக்கக் கதவுகள் இரண்டும் புதிதாகப் பூசப்பட்டு, மற்ற பாகங்களைவிட ஒரு துளி கூடுதலாகப் பளபளத்தன. தம்பி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். சின்ன வயதில் பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு இப்படித்தான் பார்ப்பான்.

“எப்படி?”

“நல்லா இருக்கு,” என்றாள்.

அவள் வேலை பார்த்தது சேதமான வண்டிகளை ஏலத்தில் விற்கும் நிறுவனத்தில். நகரத்துக்கு வெளியே, கம்பிவேலி போட்ட பெரிய மைதானம். விபத்தில் அடிபட்டு, பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிகள் அங்கே வந்து சேரும். அவற்றைப் படம் எடுப்பது அவள் வேலை. ஏலம் முழுக்க இணையத்தில். வாங்குகிறவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து அவள் எடுத்த படங்களை மட்டும் பார்த்து விலை கேட்பார்கள். ஒரு வண்டிக்குப் பத்துப் படம். நான்கு மூலை, முன்பக்கம், பின்பக்கம், உள்ளே முன் இருக்கை, பின் இருக்கை, டேஷ்போர்டு, எஞ்சின். தேவைப்பட்டால் கூடுதலாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்பது அவள் விருப்பம்.

“நீ எடுத்த வண்டிதான் இது,” என்றான் தம்பி. “ஞாபகம் இருக்கா?”

“ஒரு நாளைக்கு எத்தனை வண்டி எடுக்கிறேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்னு கேளேன்.”

“எப்படி?”

அவன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். பத்தோடு சேராத, கூடுதல் படம். சாய்ந்த வெயிலில் பானட் முழுவதும் தங்கம் பூசியது போல் இருந்தது. கீழே, சரளையில், ஒரு பெண்ணின் நிழல். முழங்கைகள் இரண்டும் சிறகுபோல விரிந்து, தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் குடைக்காம்பைச் செருகியிருந்த நிழல்.

“உலகத்துல வேற யாரு இப்படிக் குடை பிடிப்பாங்க? பாத்த உடனே இவகிட்ட சொன்னேன். மூக்கு பாத்த வண்டிடி இது. இனிமே யோசிக்கவே வேணாம்னு.”

“ஆமாங்க அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. “அதுக்கு முன்னாடி ராத்திரி பகலா நூறு வண்டி பாத்திருப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறை சொல்லுவாரு. உங்க நிழலைப் பாத்ததும் மனுஷன் ஆளே மாறிட்டாரு.”

மூக்கு என்பது வீட்டில் அவளுக்குப் பெயர். காலைப் பால் மாலை வரை தாங்குமா, மீதமிருப்பதைச் சாப்பிடலாமா, மழைக்காலத்தில் மடித்து வைத்த துணி காய்ந்ததுதானா என்பதையெல்லாம் அவர்கள் அம்மா அவள் மூக்கைக் கேட்டுத்தான் முடிவு செய்வாள். தம்பிக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை. ஐந்து வயதில் கையில் கொடுத்த எதையும் அவளிடம் நீட்டி, அவள் முகர்ந்து தலையாட்டிய பிறகே வாயில் வைப்பான். அம்மா போன பிறகும் அது நிற்கவில்லை. இப்போதுகூட அவள் இங்கே வந்தால் தம்பி மனைவி பால் பாத்திரத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா.”

“கேட்டா? வேலை பாக்கிறவங்க வீட்டு ஆளுங்க ஏலம் கேக்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல இருக்கே. நாளைக்கு உனக்கு ஏதாவது பிரச்சனை வந்தா? அதான் ஃப்ரெண்டு பேர்ல கேட்டேன். உனக்குத் தெரியாம இருந்தா உன்மேல தப்பு வராதுல்ல?”

அவன் சொன்னதில் எங்கேயும் பிழை இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் அவளிடம் மறைத்திருக்கிறான்.

“உக்காருங்க அண்ணி, நீங்கதான் முன்னாடி உக்காரணும்,” என்று தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டாள்.

கதவு திறந்ததும் அந்த வாசனை எழுந்து வந்தது. அந்த நாளும் அதோடு சேர்ந்து வந்தது.

வண்டிகளைத் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டருக்கு அங்கே கொக்கி என்று பெயர். அவர் இந்த வண்டியை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். “உள்ள யாரோ மீன் வளத்திருக்காங்க போல. பாத்தும்மா, கால்ல கடிச்சிடப் போகுது.”

அவளும் சிரித்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். தரைவிரிப்பு காய்ந்திருந்தது. இருக்கைகள் சுத்தமாக இருந்தன. யாரோ நன்றாகத் துடைத்திருக்கிறார்கள். ஆனால் துடைக்க முடியாத ஓர் இடம் உண்டு. இந்த வேலையில் பழகியவர்களுக்கு அது தெரியும். சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக, கடைசி வரை, இழுத்தாள். வழக்கமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில், பெல்ட்டின் குறுக்கே தேநீர்க் கறைபோல ஒரு கோடு. அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. இருக்கை மூழ்கும் வரை நின்றிருக்கிறது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பேப்பர்ல என்ன போட்டிருக்கு? வலது பக்கம் அடின்னுதானே? அதைப் போடு. நாம வண்டி ரிப்பேர் பண்றவங்க இல்லம்மா. உள்ளது உள்ளபடின்னு எழுதித்தானே விக்கிறோம்? வாசனையைப் படம் எடுக்க முடியுமா சொல்லு.”

வாசனையை எடுக்க முடியாது. பெல்ட்டை எடுத்திருக்கலாம். அதற்குத்தானே அந்தக் கூடுதல் படம். எடுக்கலாம் என்றுதான் திரும்பி வந்தாள். பெல்ட்டை மறுபடி இழுத்துப் பிடித்தாள். ஒரு கையில் பெல்ட், ஒரு கையில் கேமரா, தோளில் குடை. அப்போது வெயில் சாய்ந்து பானட்டில் விழுந்தது.

பிறகு எத்தனையோ முறை அந்த இடத்துக்கு மனத்தளவில் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். மேலாளர் சொன்னதால் விட்டாளா? இல்லை. அவர் தடுக்கவில்லை. சோம்பலா? அதுவும் இல்லை. அந்த வெளிச்சம் அழகாக இருந்தது. அவள் எடுக்கும் படங்களுக்கு விலை கூடுதலாகப் போகிறது என்று மேலாளர் மற்றவர்கள் முன்னால் ஒருமுறை சொல்லியிருந்தார். நசுங்கிய தகரங்களுக்கு நடுவில் நாளெல்லாம் நிற்கிற ஒருத்திக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும். அவள் பெல்ட்டை விட்டாள். அது சின்னச் சத்தத்தோடு சுருண்டு உள்ளே போனது. பானட்டைப் படம் எடுத்தாள். தன் நிழல் விழுந்திருப்பதைக் கவனித்தாள். வேறு நாளாக இருந்தால் அழித்துவிட்டு நகர்ந்து நின்று எடுத்திருப்பாள். அதற்குள் வெளிச்சம் போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

யாராவது வாங்குவார்கள் என்று நினைத்தாள். யாராவது என்பவருக்கு முகம் கிடையாது, வீடு கிடையாது.

“பெல்ட்டைப் போடு அக்கா,” என்றான் தம்பி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

அவள் பெல்ட்டைத் தேவையான அளவு மட்டும் இழுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு விரற்கடை கூடுதலாக வந்துவிடாமல் கவனமாக.

வண்டி அழகாகத்தான் ஓடியது. தம்பி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினான். கண்ணாடி இறங்கியது, ஏறியது. ஏசி வந்தது. ஏசி வந்ததும் பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது.

“அத்தை, இந்தக் கார் ஈரத் துணி மாதிரி நாறுது.”

“ஏய் வாயாடி, அது புதுப் பெயின்ட் வாசனை,” என்றான் தம்பி.

“இல்லப்பா. பெயின்ட் வேற. இது வேற.”

“அத்தை மூக்கு அப்படியே வந்திருக்கு பாருங்க,” என்று தம்பி மனைவி மகள் தலையில் செல்லமாகத் தட்டினாள். “அத்தையே பாத்து எடுத்த வண்டிடி. பெரிய மூக்கு சரின்னு சொன்னதுக்கப்புறம் சின்ன மூக்கு பேசக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி பேசிக்கொண்டே வந்தான். இத்தனை வருஷமாக இன்னொருவர் வண்டியை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறான். விடியலில் முதலாளி வீட்டுக்குப் போய் சாவி வாங்கி, இரவு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சீட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் முதலாளி அவன் முகத்தில் டார்ச் அடித்துக் கேட்பாராம். இனி அது இல்லை. “நாளைக்குக் காலையில சாவியை அவர் கையில குடுத்துட்டு, ஐயா போய்ட்டு வர்றேன்னு சொல்லப் போறேன். என்ன சொல்லணும்னு கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்துட்டேன்.”

“நேத்து குளிக்கும்போதுகூடப் பேசிட்டிருந்தாரு அண்ணி. யாரோ உள்ள இருக்காங்கன்னு நினைச்சுட்டேன்.”

“நாளைக்கேவா?” என்றாள் அவள். “கொஞ்ச நாள் ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் சொல்லேன். யாராவது மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டினியா?”

“பெயின்ட் அடிச்சவர் பாத்தாரு. கதவு ரெண்டும் தட்டி எடுத்துக் குடுத்துட்டாரு. இதுக்குமேல மெக்கானிக் எதுக்கு, நீ பாத்த வண்டிக்கு?”

வீட்டு வாசலில் தம்பி மனைவியும் குழந்தையும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

“இன்னொரு சுத்து போலாம்,” என்றாள்.

தம்பிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “பாத்தியா, உனக்கும் பிடிச்சிடுச்சு.”

தெரு முடிந்து பள்ளிக்கூட மதில் தொடங்கும் இடத்தில் அவனை நிறுத்தச் சொன்னாள். விடுமுறை நாள். மதிலோரம் ஒருவரும் இல்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னாள். அவன் அணைத்துவிட்டு, என்ன என்பதுபோலப் பார்த்தான். அவள் பெல்ட்டைக் கழற்றி, அதைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் அந்தக் கோடு அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

“என்னது, டீ கொட்டியிருக்கா?” தம்பி கட்டை விரலால் தேய்த்தான். எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தான்.

“போகாதுடா. தண்ணி. இந்த வண்டி வெள்ளத்துல நின்னிருக்கு.”

“ஆனா ஓடுதே.”

“இன்னிக்கு ஓடும். ஒயருக்குள்ள ஈரம் போயிருக்கு, உள்ளயே அரிச்சிட்டு இருக்கும். எப்ப நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்துல விரியுமான்னும் தெரியாது. நீ இதுல ஆளுங்களை ஏத்தப் போற.”

அவன் டேஷ்போர்டைப் பார்த்தான். தான் சற்று முன் அழுத்திக் காட்டிய பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“இப்பத்தானே உனக்குத் தெரிஞ்சது? இப்ப உள்ள உக்காந்தப்புறம்தானே?”

அவன் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டுகிறான். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். வண்டி போனாலும் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அவள் அதை எடுத்துக்கொள்ள எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“இல்ல,” என்றாள். “படம் எடுக்கும்போதே தெரியும். இதே மாதிரி இழுத்துப் பாத்தேன்.”

“அப்புறம்?”

“விட்டுட்டேன்.”

பெல்ட் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதை விடுவதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது, அந்தச் சத்தம் கேட்குமே என்று.

“வெளியாளு யாராவது வாங்குவாங்கன்னு நினைச்சே,” என்றான் தம்பி. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. புரிந்துகொள்ளப் பார்க்கும் குரல்.

“ஆமா.”

“சரிதான். நானும் வெளியாளு மாதிரி ஒளிஞ்சுதானே வாங்கினேன்.”

அவள் அழவில்லை. அழுதால் அவன் சமாதானம் சொல்வான். அது அவளுக்கு உரியதல்ல என்று தோன்றியது. அவன் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, போகாத வண்டியை ஓட்டுகிறவன்போல மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியைத் திருப்பினான். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அது இருவருக்கும் ஏதோ ஏளனம்போல இருந்தது.

“இவகிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்றான். “நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

மறுநாள் காலையில் அவன் வழக்கம்போல முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கிக்கொண்டான். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த வார்த்தைகளை என்ன செய்தான் என்று தெரியவில்லை. நீல வண்டி வாசலிலேயே நின்றது. அடுத்து வந்த மழையில் யாரும் தொடாமலே அதன் ஹாரன் அலற ஆரம்பித்ததாம். தெருவே ஜன்னலைத் திறந்து திட்டியிருக்கிறது. தம்பி நனைந்துகொண்டு போய் ஒயரைப் பிடுங்கினானாம். இதைத் தம்பி மனைவி போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “எதிர்வீட்டுக்காரர் கேக்கிறாரு அண்ணி, உங்க கார் ஏன் தனியா நின்னு அழுதுன்னு.”

அதை வாங்கிக்கொள்ள ஆள் வந்தார். பெயின்ட் புதிது, ஓடவும் செய்கிறது, கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். தம்பி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கண்ணாடி, கதவு, டயர் என்று பிரித்து எடுக்கிற பழைய சாமான் கடைக்காரரிடம் போட்டுவிட்டான். “இன்னொருத்தன் தலையில கட்ட வேணாம்,” என்று மனைவியிடம் சொன்னானாம். அக்காவைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவள் அங்கே இல்லவே இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் போனது.

ஏல மைதானத்தில் இப்போதெல்லாம் எந்த வண்டியானாலும் முதலில் பெல்ட்டைத்தான் இழுத்துப் பார்க்கிறாள். கறை இருந்தால் கூடுதல் படம் அதற்குத்தான். மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, “என்னம்மா, ரிப்பன் கடைக்கா படம் எடுக்கிற?” என்று கேட்டார். கொக்கி மட்டும், ஈரம் பட்ட வண்டி வந்தால், அவள் கேட்காமலே பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று அவள் நினைக்கவில்லை. குடையை மட்டும் விட்டுவிட்டாள். தொப்பி போட்டுக்கொள்கிறாள்.

தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்த அவன் விடவில்லை. போன் செய்வான். “என்ன, எங்களையெல்லாம் மறந்துட்டியா?” என்பான். போனால் நன்றாகத்தான் பேசுவான். அவள் தட்டில் முதலில் பரிமாறச் சொல்வான். எங்கேயும் ஒரு குறை சொல்ல முடியாது.

அன்றும் அப்படித்தான். மாலையில் போயிருந்தாள். தம்பி சமையலறை வாசலில் உட்கார்ந்து மகளின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி காலைப் பாலை எடுத்துக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் கை தானாக அவள் பக்கம் நீண்டது. பாதி வழியில் அந்தக் கை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

“பாப்பா,” என்று தம்பி உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கசப்பு ஒரு துளியும் இல்லை. “இங்க வா. பால் எப்படி இருக்குன்னு மோந்து பாரு.”

குழந்தை ஓடி வந்தது. பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து, கண்களை மூடி, பெரிய மனுஷிபோல மூச்சை இழுத்தது.

“நல்லாத்தான் இருக்கு.”

நன்றாக இல்லை. நின்ற இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. இனிப்புக்கு அடியில், மெல்லிய நூலாக, புளிப்பு தொடங்கியிருந்தது. குழந்தையின் மூக்கு அங்கே போய்ச் சேர இன்னும் நாளாகும்.

“அடுப்புல வைக்காதம்மா,” என்றாள் தம்பி மனைவியிடம். “திரிஞ்சிடும்.”

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். முன்பெல்லாம் அந்தப் பார்வைக்கு இடமே இருந்ததில்லை. அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

“வெச்சுத்தான் பாப்போமே,” என்றான் சாதாரணமாக.

பால் அடுப்பில் ஏறியது. குழந்தை எட்டிப் பார்ப்பதற்காக முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. நான்கு பேரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரத் தொடங்கின. இந்த ஒரு தடவை தன் மூக்கு பொய்யாகிவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். பால் பொங்கட்டும், குழந்தை கைதட்டட்டும், தம்பி தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

பால் பொங்கி எழ வந்தது. எழாமல், நடுவில் விரிசல் விட்டு, வெள்ளைத் துணுக்குகளாகவும் பச்சைத் தண்ணீராகவும் பிரிந்தது.

தம்பி கையை நீட்டி அடுப்பை அணைத்தான். “சரி, பாலில்லாம டீ போடு,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தைத்த செருப்பை மகளின் காலில் மாட்டி, இழுத்துப் பார்த்தான். தாங்குகிறதா என்று மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.